நாற்பது வில்லாளிகளும் இரண்டு மாடுகளும்

பள்ளிக்கூடத்துக்கு மே மாத விடுமுறை விட்ட மறுநாள் காலை, கீரமங்கலத்து ஆத்மநாதன் சார் இரண்டாவது இட்லியைப் பிட்டபடி ஒரு சபதம் எடுத்தார். விடுமுறை முடிவதற்குள் வடக்குக் கோட்டையைப் பிடிப்பது. பிடிக்காமல் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதில்லை. சபதம் மனசுக்குள்தான். வாய்விட்டுச் சொன்னால் மூன்றாவது இட்லி வராது என்கிற பயம் அவருக்கு உண்டு.

வடக்குக் கோட்டை எந்தத் தாலுகா என்று யாரும் தேடிக்கொண்டு கிளம்ப வேண்டாம். அது லேப்டாப்புக்குள் இருக்கிறது. மகள் மதுமிதா திருச்சியில் காலேஜ் சேர்ந்து புது லேப்டாப் வாங்கியதும் பழையதை வீட்டில் போட்டுவிட்டுப் போனாள். பொங்கல் லீவில் வந்தவள் அதில் ஒரு கேமையும் ஏற்றிக் கொடுத்தாள். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பா. ஒரு காட்டோரம், ஐந்து குடும்பம், ஒரு ஜோடி மாடு. விளையாடுகிறவர்தான் ஊருக்குப் பெரியவர். வீடு கட்ட வேண்டும், விறகு வெட்ட வேண்டும், விதைக்க வேண்டும், கொள்ளைக்காரன் வந்தால் விரட்ட வேண்டும். புவியியல் வாத்தியாருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அந்த ஆற்றையும் மேட்டையும் பார்த்த அன்றைக்கே சார் அதில் விழுந்துவிட்டார்.

ஒரே ஒரு குறை, கேம் இன்னும் முடியவில்லை. அதற்கு ‘ஏர்லி ஆக்சஸ்’ என்று பேர். பூச்சு வேலை முடியாமலே பால் காய்ச்சிக் குடிபோன வீடு மாதிரி. ஏதோ ஒரு குளிர்தேசத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து இன்னமும் செய்துகொண்டிருக்கிறார்கள். விளையாடுகிறவர்கள் குறையை எழுதிப் போட்டால் மாதம் ஒரு தடவை திருத்தி அனுப்புவார்கள். இதுக்குப் பலம் ஜாஸ்தி, அதுக்குக் கம்மி என்று தராசைச் சரி பண்ணிக்கொண்டே இருப்பதுதான் அவர்களுடைய வேலை.

சார் அந்தத் தராசில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். வில்லாளிகள். நாற்பது வில்லாளிகளை ஒரு மேட்டில் நிறுத்திவிட்டால் போதும். கொள்ளைக்காரன் வந்தாலும் காலி, பக்கத்து நாட்டுப் பிரபு வந்தாலும் காலி. ஊரில் விறகு இருக்கிறதா, கடைசி வீட்டுக்குக் கஞ்சி போனதா என்று எதையும் பார்க்க வேண்டியதில்லை. நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்து ஒரு தூக்கம் போடலாம். சார் போட்டார். இப்படியே நான்கு மாதம் ராஜ்யம் நடந்தது.

ஏப்ரல் கடைசியில் இடி விழுந்தது. புதுத் திருத்தம் ஒன்று வந்து இறங்கியது. வில்லாளிகள் விட்ட அம்பெல்லாம் ஈர்க்குச்சியாகிவிட்டது. சந்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டு மிச்சத்தை அனுப்ப, ஆற்றோரத்துக் கடைசி வீடுகள் குளிர்காலம் வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டே போயின. போதாததற்கு, நிறைந்த களஞ்சியத்தைத் தேடிப் பிடித்துக் கொள்ளைக்காரன் நுழைந்தான்.

“எவனோ வேலையத்தவன் புகார் எழுதிப் போட்டிருக்கான்!” என்று சார் கூடத்தில் நின்று கத்தினார். “வில்லாளிக்குப் பலம் ஜாஸ்தின்னு இவனை யாரு கேட்டா? நல்லா இருப்பானா அவன்?”

அவர் மனைவி பிரகதாம்பாள் கொல்லையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். “யாரைங்க வையிறீங்க?” என்றாள்.

“ஒனக்குத் தெரியாது. விடு.”

“சரிங்க” என்று அவளும் விட்டுவிட்டாள்.

இன்னொரு சங்கடமும் சாருக்கு இருந்தது. கேமைத் திறந்ததும் ஓரத்தில், இதுவரை எத்தனை மணி நேரம் விளையாடியது என்று ஒரு கணக்கு வரும். இருநூற்றுப் பன்னிரண்டு என்று அது காட்டியது. சார் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மூன்று. எப்படிக் கூட்டினாலும் நூற்றைம்பதைத் தாண்டவில்லை. நேரம் போவதே தெரியாமல் இப்படியா கிடந்திருக்கிறோம் என்று தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. பிரகதா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, பள்ளிக்கூட நோட்டுக்கு ஒட்டுகிற பேர்ச்சீட்டு ஒன்றை எடுத்துத் திரையின் அந்த மூலையில் ஒட்டிவைத்தார்.

சபதம் எடுத்த அதே காலையில்தான், மூன்றாவது இட்லியோடு அவளும் வந்து நின்றாள்.

“ஏங்க, எங்கம்மா ஊருல நாளைக்கு மாரியம்மனுக்குக் கொடியேத்துறாக. பத்து நாளு இருந்து தேர் பாத்துட்டு வாரேன்.”

பொன்னமராவதிப் பக்கம் அவள் பிறந்த ஊர். சார் இட்லியை மென்று முடிக்கும் வரை யோசித்தார். “மாடு?” என்றார்.

“நீங்கதான் பாக்கணும். லீவுதானே?”

“எனக்கு முட்டிவலி.”

“போன வருசம் முட்டிவலி. அதுக்கு முந்தின வருசம் எலெக்சன் டூட்டி. அதுக்கும் முந்தி பேப்பர் திருத்தப் போகணும்னீக. நாலு வருசமா நான் கொடியும் பாக்கல, தேரும் பாக்கல. என் தங்கச்சி போட்டோ அனுப்புவா, அதைப் பாத்துக் கும்புட்டுக்குவேன்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அதுதான் சாருக்கு என்னவோ செய்தது. சண்டை போட்டால் பதில் சொல்லிவிடலாம்.

“ஒனக்கு என் கஷ்டம் தெரியலம்மா. எனக்குத் தலைக்குமேல வேலை. ஒரு ஊரையே நிர்வாகம் பண்ணிக்கிட்டிருக்கேன்.”

“ஒரு ஊரையே பாக்குறவருக்கு ரெண்டு மாட்டைப் பாக்க முடியாதாங்க?”

தோற்றுப்போகிற நேரத்தில்தான் சாருக்கு யோசனை உதிக்கும். அன்றைக்கும் உதித்தது.

“சரி. ஊரை நடத்துறது லேசுன்னு நெனைக்கிறல்ல? ஒரே ஒரு குளிர்காலம் நீ நடத்து. நாப்பத்திரெண்டு வீடு இருக்கு. ஒரு குடும்பம்கூட ஊரை விட்டுப் போகக் கூடாது. நடத்திட்டா இன்னைக்கே பஸ் ஏறு, மாட்டை நான் பாத்துக்கிறேன். ஒரு வீடு போனாலும், இந்த மே மாசம் முழுக்க நீ மாட்டைப் பத்தியும் பேசக் கூடாது, தேரைப் பத்தியும் பேசக் கூடாது.”

“எனக்கு அந்தப் பொட்டியைப் பத்தி என்னங்க தெரியும்?”

“நான் சொல்லித் தாரேன்.”

“நான் இங்கிலீசெல்லாம் தட்டுத்தடுமாறித்தான்...”

“படம் போட்டிருக்கும். பயப்படாத.”

பிரகதாம்பாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மவுஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டாள். சார் பரிதாபப்பட்டுப் பிடித்துக் காட்டினார். ஒரு தட்டு முறுக்கை எடுத்துவந்து பக்கத்தில் அமர்ந்தார். அவளுக்கு இந்தக் குளிர்காலம் தாங்காது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அவருக்கே மூன்று தடவை தாங்கவில்லை.

“இவுக எல்லாம் யாருங்க, மேட்டுல சும்மா நிக்கிறாக?”

“வில்லாளிங்க. ஊருக்குக் காவல்.”

“நாப்பது ஆம்பளைங்க நின்னா வெறகு யாரு வெட்டுறது?” என்று ஒரே அமுக்கில் நாற்பது பேரையும் காட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

சார் முறுக்கைக் கீழே வைத்தார். “ஏய், ஏய்! கொள்ளைக்காரன் வந்தா?”

“வரட்டும், பாப்போம். இந்தச் சந்தை ஏங்க பெரிய வீட்டு வாசல்ல கெடக்கு?”

“அதுதான் ஊருக்கு நடுவு.”

“இருக்கலாம். ஆத்தோரத்து வீட்டுக்காரன் பாவம் இல்லையா? இங்கிட்டு இருக்கிறதைப் பிரிச்சு அங்கிட்டு, கடைசி வீட்டுக்கிட்டப் போடுங்க. இருங்க, நானே போட்டுட்டேன்.”

பிரகதாம்பாளின் அப்பா ஊர்க் கண்மாயில் மடை திறக்கிறவராக இருந்தவர். கண்மாய் பாதிதான் நிறைந்த வருஷங்களில் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மடைக்குப் பக்கத்து வயலுக்கு முதலில் திறக்க மாட்டார்கள். கடைமடைக்குத்தான் முதல் முறை. தண்ணீர் அங்கே போய்ச் சேருகிற வழியில் பக்கத்து வயல் தானாக நனைந்துகொள்ளும். பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் கடைமடைக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. இது அங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும்; அவள் சொல்லிச் சொல்லிச் சாருக்கும் தெரியும்.

“இது கண்மாய் இல்ல பிரகதா, ஐரோப்பா!”

“அங்கயும் பசிக்கத்தானேங்க செய்யும்?”

பனி பெய்ய ஆரம்பித்தது. சார் ஆற்றோரத்து வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு வீட்டுக்காரன் கோபித்துக்கொண்டு மூட்டை கட்ட மாட்டானா என்று அவன் வாசலைக் குறுகுறுவென்று பார்த்தார். அவனோ புகைபோக்கியில் புகை விட்டுக்கொண்டு சுகமாக இருந்தான். ஊருக்கு நடுவில் இருக்கிறவர்கள் நாலு எட்டு கூடுதலாக நடந்து வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் குறையில்லை.

தை மாதம் வாக்கில் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். சார் எழுந்தே நின்றுவிட்டார். இனி ஜெயம்தான்! அவர்கள் நேரே களஞ்சியத்துக்குள் நுழைந்தார்கள். உள்ளே ஒரு மூட்டை கோதுமை இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார்கள்.

“மிச்சமெல்லாம் எங்க?”

“வீடுவீடாப் பிரிச்சுக் குடுத்துட்டேன்ல.”

“அவன் களஞ்சியத்தைத்தான் தேடி வருவான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“திருடன் பூட்டுன வீட்டைத்தாங்க பாப்பான்” என்றாள் பிரகதாம்பாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பனி உருகியது. நாற்பத்திரண்டு வீடும் இருந்த இடத்தில் இருந்தன. ஊர் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு குடும்பம் புதிதாக வந்து வீடு கேட்டு நின்றது வேறு.

“போதுமாங்க? நாலு மணி பஸ்ஸுக்குத் துணி எடுத்து வைக்கிறேன்” என்று அவள் உள்ளே போனாள்.

சாருக்கு ஆறவில்லை. சண்டையே போடாமல் ஜெயிக்க முடிகிறது என்றால் கேமில்தான் தப்பு. பட்ட பாடெல்லாம் வில்லாளிக்கு, பலன் சந்தைக்காரிக்கா? இது பெரிய பேலன்ஸ் கோளாறு. குளிர்தேசத்துக்காரர்களுக்கு ஒரு புகார் எழுதி இன்றைக்கே தட்டிவிட வேண்டும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகப் புகார் எழுதும் பக்கத்தைத் திறந்தார்.

முதல் தடவை என்று அவர்தான் நினைத்தார். அங்கே ‘ஆத்மநாதன்’ என்கிற பேரில் ஏற்கெனவே பதினோரு புகார்கள் வரிசையாக இருந்தன.

முதல் புகார் பிப்ரவரி மாதத்தது. இங்கிலீஷில்தான் இருந்தது. தமிழில் இவ்வளவுதான்: “வில்லாளிகளுக்குப் பலம் மிக அதிகம். எங்கள் வீட்டில் ஒருவர் நாற்பது வில்லாளிகளை நிறுத்திவிட்டுத் தூங்கிவிடுகிறார். ஊர் தானாக நடக்கிறது. இது நியாயமில்லை.” இரண்டாவது: “கடைசி வீட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு போகாவிட்டாலும் அவர்கள் வாயே திறப்பதில்லை. அப்படி யாரும் இருக்க மாட்டார்கள். நாலு வருஷம் பொறுப்பார்கள், அப்புறம் மூட்டை கட்டுவார்கள்.” மூன்றாவது, கொள்ளைக்காரனும் களஞ்சியமும். அடியில் குளிர்தேசத்துக்காரர்களின் பதில்: “மதிப்புக்குரிய திரு. ஆத்மநாதன் அவர்களே, நீங்கள் சொன்ன அத்தனையும் சரி. இந்தத் திருத்தத்தில் சேர்த்துவிட்டோம். மிக்க நன்றி.”

சார் மெதுவாகத் திரை மூலையிலிருந்த பேர்ச்சீட்டை உரித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். அதில் தன்னுடைய நூற்றைம்பதைக் கழித்துப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் நடத்திக்கொண்டிருந்த நேரம் பாக்கியாக வந்தது. கேமில் சேமித்துவைத்த ஊர்களின் பட்டியலை இதுவரை அவர் கீழே உருட்டிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். அடியில் இன்னொரு ஊர் இருந்தது. அதன் பேர் கடைமடை.

“பிரகதா!”

“என்னங்க?” கையில் பையோடு அவள் வந்து நின்றாள்.

“எவனோ வேலையத்தவன்னு நான் வைதேனே... அது நீயா?”

“நீங்கதான் ‘ஒனக்குத் தெரியாது, விடு’ன்னீகளே. விட்டுட்டேன்.”

“மவுஸை எங்கிட்டுப் பிடிக்கிறதுன்னு கேட்டியே!”

“நீங்க சொல்லிக் குடுக்கணும்னு ஆசைப்பட்டீக. மது போன்லயே எல்லாம் சொல்லிக் குடுத்து, இங்கிலீசுலயும் எழுதிக் குடுத்துருச்சுன்னு சொன்னா ஒங்க மனசு சங்கடப்படுமேன்னு பேசாம இருந்தேன்.”

சாருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. நாலு வருஷம் என்று எழுதியிருந்த அந்த வரியில்தான் அவர் மனசு போய் மாட்டிக்கொண்டது. நாற்காலியை விட்டு எழுந்தார். “நீ போயிட்டு வா. மாட்டை நான் பாத்துக்கிறேன்” என்றார். இந்தத் தடவை மனசாரத்தான் சொன்னார்.

“கறக்க முனியசாமி அண்ணன் ரெண்டு வேளையும் வந்துருவாரு. தவிடு, புண்ணாக்கு, தண்ணி, சாணி, அதுதான் ஒங்களுக்கு. செவலை கத்துது பாருங்க, மொதல்ல அதுக்குத் தண்ணி காட்டிட்டு வாங்க.”

சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். வாளியைத் தூக்கும்போது உள்ளுக்குள் ஒரு கணக்கும் போட்டுக்கொண்டார். மாட்டுக்குக் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் தட்டிக் கேட்க ஆளில்லை. பத்து நாள்! சந்தையைக் கடைசியில் போட்டு, விறகைச் சேர்த்து, வடக்குக் கோட்டையை ஏழே நாளில் முடித்துவிடலாம். யோசித்துப் பார்த்தால் தோற்றதும் ஒருவகையில் நல்லதுக்குத்தான்.

செவலை இரண்டு வாளி குடித்தது. கறுப்பி வாளியைத் தட்டிவிட்டு மூன்றாவதாக ஒன்று கேட்டது. சார் நனைந்த வேட்டியோடு கூடத்துக்குத் திரும்பி வந்தார். மேஜையில் அவர் உரித்துப்போட்ட பேர்ச்சீட்டு மட்டும்தான் கிடந்தது.

வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. பிரகதாம்பாள் மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பத்திரமாக அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“லேப்டாப்பு எங்க?” என்று ஓடினார் சார்.

“பைக்குள்ள இருக்கு. ரெண்டு மாட்டை ஒங்களை நம்பி விட்டுட்டுப் போகலாம். இருநூறு பேரு இருக்குற ஊரை விட முடியுமாங்க?”