மாமியிடம் மிஞ்சிய ஒரு சொல்

கூச்சத்தைத்தான் சனம் பொறுமை என்று நினைக்கிறது. உள்ளே கொதித்துக்கொண்டிருப்பவனுக்கு வாய் திறக்கத் துணிவில்லை என்றால், ஊர் அவனுக்குத் 'தங்கமான பொடியன்' என்று பட்டம் கட்டிவிடும். எனக்கும் அந்தப் பட்டம் இருந்தது. (நான் வேலை செய்த பெற்றோல் ஸ்டேசன் முதலாளி அதை வைத்தே கிறிஸ்மஸ் ஷிப்ட் முழுவதையும் என் தலையில் கட்டினார்.) எண்பதுகளின் கடைசியில், அதாவது ஏழெட்டு வருடத்துக்கு முன், லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் பெண்கள் வார்டில், அந்தப் பட்டம் பறிபோனது. போனது நல்லது. ஆனால் போன விதத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடும்.

என் மாமி, அதாவது மனைவியின் தாய், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மனோர் பார்க்கில் எங்களோடு இருந்தா. மருமகனுக்கு முகம் கொடுத்துக் கதைக்கக்கூடாது என்பது அவ வளர்ந்த முறை. நான் கேத்தலுக்குப் பக்கத்தில் நின்றாலும், "பிள்ளை, அவர் தேத்தண்ணி குடிச்சவரோ?" என்று மாடியில் இருக்கும் மகளிடம்தான் கேட்பா. நானும் சுவரைப் பார்த்து, "குடிச்சிட்டன்" என்பேன். இரண்டு கூச்சக்காரருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு உலகத்தில் கிடையாது.

அந்த மாமிக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சும் போனது. தேவாரம் பாடிய வாயில் மிஞ்சியது ஒரேயொரு சொல்.

"நாசமறுவான்."

தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், போதும் என்றாலும் அதுதான். நாசமாய்ப் போகிறவன் என்கிற திட்டு, வாழ்நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததாக இருக்கவேண்டும். அது திட்டு என்று வார்டில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு அது தமிழ், அவ்வளவுதான். ஒரு நேர்ஸ் அதைக் காலை வணக்கம் என்று நினைத்து, தினமும் சிரித்த முகத்தோடு மாமிக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மாமியின் மூளையைச் சோதிக்கப் போகிறார்களாம். தனக்கு என்ன வேண்டும் என்று தீர்மானிக்கும் நிலையில் அவ இருந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் தூரத்தில் ஒரு கடற்கரை ஊரில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு. மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை, மருமகனே வரட்டும் என்றார்கள். மனைவி ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்று, எழும்ப ஏலாமல் கிடந்தாள்.

"இஞ்சாருங்கோ, அங்க போயும் ஊமை மாதிரி நிக்காதேங்கோ. வாயைத் திறந்து கதையுங்கோ. அம்மா வரேல்லையெண்டா நீங்களும் வரத் தேவையில்லை."

போனேன். புது டொக்டர் ஒருவரும், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தியும் இருந்தார்கள். டொக்டர் மாமியின் காதுக்குள் குனிந்து, இங்கிலீசை இழுத்து இழுத்துக் கத்தினார். கத்தினால் இங்கிலீசு தமிழாகிவிடும் என்று இந்த நாட்டில் யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதோ தெரியவில்லை.

"எப்படி இருக்கிறீர்கள்?"

"நாசமறுவான்," என்றா மாமி.

டொக்டர் என்னைப் பார்த்தார். பெற்ற தாய்க்குச் சமமான மனுசி சொன்னதை நான் எப்படிச் சொல்வது? "நலமாக இருக்கிறாவாம். உங்களுக்கு நன்றியாம்," என்றேன்.

நாசம் அங்கே தொடங்கியது.

அடுத்து முகப் படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக்காரர், ஒவ்வொரு உணர்ச்சியோடு. முதலில் கோபத்தில் பல்லைக் கடிக்கும் ஒருவன். மாமி அவனை முறைத்துப் பார்த்து, "நாசமறுவான்" என்றா. (யோசித்துப் பார்த்தால் இதைவிடச் சரியான பதில் இல்லை.) நான், "நல்ல மனிசனாம்" என்றேன். அடுத்தது அழுகிற பெண். மாமியின் கண் கலங்கியது, குரல் தணிந்தது, சொல் மட்டும் அதேதான். "நல்ல வடிவான பிள்ளையாம்," என்றேன். அடுப்படியில் புகை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். மாமி இடது கையால் வாசலைக் காட்டிக் காட்டி, "நாசமறுவான், நாசமறுவான்" என்றா. "மருமகன் பார்த்துக்கொள்வாராம்," என்றேன்.

எல்லாப் பதிலும் ஒரே சத்தம் என்பதைக் கவனிக்க டொக்டருக்கும் காது இருந்தது. தமிழ் முழுக்கவே அப்படித்தான் என்று நினைத்திருப்பார்.

கடைசியாக, "உங்கள் மருமகனின் முகத்தைப் பாருங்கள். அவர் எப்படி இருக்கிறார்?" என்றார். நான் சேலைன் கம்பியைப் பார்த்து, "மாமி ஒருக்கா இந்தப் பக்கம் பார்க்கட்டாம்" என்றேன். மாமி இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மறைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டா. மருமகன் அல்லவா.

டொக்டர் பேனையை மூடினார். "பேச்சு பரவாயில்லை. ஆனால் மற்றவர்களின் உணர்ச்சி விளங்கவில்லை. தீர்மானம் எடுக்கவும் முடியாது. முதியோர் இல்லம்தான் சரி." கட்டிலில் ஆள் இல்லாதது போல, மாமியின் தலைக்கு மேலால் சொன்னார்.

நான் கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். கோபம் எனக்கு அப்படித்தான் வரும், கைகாலுக்கு. வாய்க்கு வராது.

அப்போது மாமி போர்வையை விலக்கினா. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தா. மெதுவாகக் கையை நீட்டி, பல்லைக் கடிக்கும் அந்த மனிதனின் படத்தை எடுத்து என் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தா. பிறகு டொக்டரைக் காட்டி, எனக்கு உத்தரவு போல, "நாசமறுவான்" என்றா.

அதோடு என் வாய் உடைந்தது.

"நலமாக இருக்கிறேன் என்று அவ ஒருதரம்கூடச் சொல்லவில்லை," என்று என் பெற்றோல் ஸ்டேசன் இங்கிலீசில் கத்தினேன். "தொடக்கத்திலிருந்து உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறா. நான்தான் வெட்கத்தில் பொய் சொன்னேன். உங்களுக்குக் காது இல்லையா? ஒரு மனுசியை வீட்டைவிட்டுத் துரத்த, அவவைப் பிழையாகச் சோதித்த பத்து நிமிடம் போதுமா?" அதோடு நின்றிருக்கலாம். அந்தச் சொல்லுக்கு விளக்கமும் சொன்னேன். முழு விளக்கம். காலை வணக்கம் சொல்லும் நேர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

பேச்சுப் பயிற்சிப் பெண் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு டொக்டரிடம் பேசினாள். சொற்களைக் கோத்து வெளியே விடும் இடம் மூளையின் இடப்பக்கம், இவருக்கு அடிபட்டது அங்கே. திட்டுவது போலப் பழகிப்போன பேச்சு வேறு பாதையால் வந்துவிடும். முகங்களைப் படிக்கும் வேலையில் வலப்பக்கத்துக்குப் பெரிய பங்கு. இது வேண்டும், அது வேண்டாம் என்று நிறுத்துப் பார்ப்பதற்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி முக்கியம். "அந்த இரண்டும் இவரிடம் நன்றாகவே இருக்கின்றன போலத் தெரிகிறது. வாயை விட்டுவிட்டுக் கையைக் கேட்போம்."

எல்லாவற்றையும் மறுபடி செய்தார்கள், என்னைத் திரைக்கு வெளியே நிறுத்திவிட்டு. சிரிக்கும் முகம், அழும் முகம், பயந்த முகம், எல்லாவற்றையும் மாமி சரியாகத் தொட்டாவாம். கடைசியில் ஒரு வீட்டின் படத்தையும் வரிசையாகக் கட்டில்கள் போட்ட அறையின் படத்தையும் வைத்தார்களாம். மாமி வீட்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்து, அதன்மேல் படுத்துக்கொண்டா.

டொக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், மாமியிடம் கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கொதிக்கிறது.

மாமி வீட்டுக்கு வந்தா. அந்தக் கோபக்காரனின் படத்தைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டா. அது எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. நான் உள்ளே கொதித்துக்கொண்டு வெளியே சிரிக்கும் நேரங்களில், அப்போதுதான் பிறந்திருந்த என் மகள், இப்போது பள்ளிக்கூடம் போகிறவள், அதைக் கழற்றிக்கொண்டு வந்து என் கன்னத்தோடு பிடிப்பாள். "அப்பா, வாயைத் திறந்து கதையுங்கோ," என்பாள் தாயைப் போலவே.

மாமிக்குச் சொற்கள் மெல்ல மெல்லத் திரும்பின. பிள்ளை, தேத்தண்ணி, முருகா, எல்லாம் வந்துவிட்டன. பழைய மரியாதை மட்டும் வரவில்லை. இப்போது நேரே என் முகத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறா, எனக்கென்று வைத்திருக்கும் அந்த ஒரு சொல்லால். தேத்தண்ணி வேண்டுமோ, கதவைச் சாத்தவேண்டுமோ, நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாவோ, குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும். விருந்தாளிகள் திடுக்கிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வருவேன்.