கண்ணாடிப் பெண்ணுக்கு வைத்த பொட்டு

கலியாணத்துக்கு முந்தியே நான் ஒரு பெண்ணின் நெற்றியில் பொட்டு வைத்தவன். என் மனைவிக்கு இது தெரியும். ஒஸ்லோவில் நாங்கள் குடியிருக்கும் குரோருட் பகுதியில் பாதிச் சனத்துக்கும் தெரியும்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. ஒஸ்லோவில் படித்துக்கொண்டே ஓர் அருங்காட்சியகத்தின் களஞ்சியத்தில் பகுதிநேர வேலை செய்தேன். பழைய கண்ணாடி நெகட்டிவ்களுக்கு இலக்கமிட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். பெண்கள் கமராவைத் தொடுவதே புதினமாக இருந்த காலத்தில், சிற்பிகளின் பட்டறைகளுக்குக் கமராவைச் சுமந்துபோய்ச் சிலைகளைப் படமெடுத்த ஒரு பெண்மணியின் நெகட்டிவ்கள் அவை. அவற்றில் ஒன்று, ஒரு பெண்ணின் தலைச்சிலை. சிலை எப்போதோ உடைந்துவிட்டது. மிச்சம் அந்தக் கண்ணாடி மட்டும்தான். பொறுப்பாளர் இங்கெர் இரண்டு வருடம் தேடிக் கண்டெடுத்தது. வரப்போகும் கண்காட்சியே அதை நம்பித்தான்.

விஜயதசமியன்று காலை அம்மா ஒரு சிமிழில் குழைத்த சந்தனம் தந்தார்.

"வேலை செய்யிற சாமானுக்கு ஒரு பொட்டு வைச்சிட்டுத் தொடங்கு, தம்பி."

களஞ்சியத்தில் என் சாமான் ஒரு பென்சில். (பென்சிலுக்குப் பொட்டு வைத்தால் சரஸ்வதிக்கு என்ன மரியாதை?) முன்னால் அந்தக் கண்ணாடி இருந்தது. ஓரத்தில் வைத்திருக்கலாம். நெற்றி கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது வேறிடத்தில் பொட்டு வைத்து எனக்குப் பழக்கமில்லை.

வைத்த பிறகுதான் புத்தி வந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். சந்தனம் போனது, கூடவே நெற்றியில் ஒரு துண்டும் போனது. ஈரம் பட்டால் படம் ஊறிக் கழன்றுவிடும் என்று முதல்நாளே சொல்லித் தந்திருந்தார்கள். (எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டியவனும் நான்தான்.)

இங்கெர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜன்னல் ஈரம் பட்டுவிட்டது. பெட்டியை அங்கே வைத்தது என் பிழை," என்றார் கடைசியில்.

நான் உண்மையைச் சொல்லாமல் பெட்டியை ஜன்னலைவிட்டுத் தள்ளி வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மூன்று கிழமை கழித்துக் கண்காட்சி திறந்தது. அம்மா பட்டுச்சேலையில் வந்தார். நெகட்டிவில் கழன்ற இடம் அச்சில் கறுப்பாக விழும். பெரிதாக்கிய படத்தில், அந்தப் பெண்ணின் நெற்றி நடுவே வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "நான் சொன்னபடி பொட்டு வைச்சிருக்கிறாய், என்ன? நல்ல பிள்ளை."

"அம்மா என்ன சொல்கிறார்?" என்று இங்கெர் ஆசையாகக் கேட்டார்.

படம் வடிவு என்கிறார் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் என் பழியைச் சுமந்த மனுசி முன்னால் நின்று சிரிக்கிறார். உள்ளபடியே மொழிபெயர்த்தேன்.

இங்கெர் படத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவின் நெற்றியைப் பார்த்தார்.

"மூன்று கிழமையாக எனக்கு நித்திரை இல்லை," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள், அந்த நெகட்டிவின் பதிவு அட்டையில் சேதத்துக்கான காரணத்தை எழுதச் சொல்லி என்னிடமே பேனையைத் தந்தார். என் கையெழுத்தில் அது இன்னும் அங்கே இருக்கிறது: பூசை.

என் கலியாணத்தில், மணமகளின் நெற்றிக்கு நான் குங்குமம் எடுத்தபோது பின்னால் நின்ற அக்கா மெல்லச் சொன்னாள்: "வைச்சால் வைச்சதுதான், தம்பி. துடைக்கப் போகாதை."