ஒரு வரியும் படிக்காமல் பார்ப்பது எப்படி

தலத்தெரு, காரைக்கால்
மாங்கனித் திருவிழா முடிந்த மறுவாரம்

சிரஞ்சீவி ஜெயபிரகாஷுக்கு, மாமா தெட்சிணாமூர்த்தி மனம் நிறைந்த ஆசிகளுடன் எழுதுவது. கோயம்புத்தூரில் நீயும் சிவப்ரியாவும் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வும் கொடுத்து, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். உன் அத்தை பெரியநாயகி நலம். நீ பொங்கலுக்கு வந்தபோது லினக்ஸ் போட்டுக் கொடுத்த கணினியும் பார்வைக்கு நலம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பாய். போனில் பேசினால் அத்தை காதில் விழும். மின்னஞ்சல் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான், அதையும் அவள்தான் முதலில் பார்ப்பாள். ஆகவே தபால். நீயும் அவளிடம் மூச்சு விடாதே.

புயல் வருஷத்தில் ஆல்பங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டதும், தேறிய படங்களை நீ ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியதும் உனக்கே தெரியும். ஒவ்வொரு படத்திலும் யார் யார் என்று எழுதி வைக்க அத்தைக்குச் சொல்லிக் கொடுத்தாய். "இந்தக் குறிப்பு படத்துக்குள்ள இருக்காது மாமா, கோப்போட ஒட்டிக்கிட்டு ஓரமா இருக்கும். எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டுன்னு பேரு" என்றாய். நான் தலையாட்டினேன். மறுநாள் முதல் அவள் சாப்பாடு முடிந்ததும் மூக்குக் கண்ணாடியோடு கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவாள், தேநீர் நேரம் வரை எழுந்திருக்க மாட்டாள். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். "ஏங்க, எட்டிப் பாக்குற வேலையெல்லாம் வேணாம். நான் சொல்ற வரைக்கும் ஒரு வரி படிக்கக் கூடாது, ஆமா" என்றாள். அன்றே குறிப்பு தெரிகிற பக்கவாட்டுப் பலகையை அணைத்துவிட்டேன். அவள் சொல்லை மீறிப் பழக்கமில்லை.

ஆனால் படங்களை மட்டும் பார்ப்பேன், அதற்குத் தடையில்லை. பேரளம் ரயில் ஜன்னலில் அவள் முகம், கல்யாணமான புதிதில் எடுத்தது. அந்த ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பிடுங்கி, இப்போது மறுபடியும் போட்டேவிட்டார்கள். ஆனால் அவள் தோளுக்குப் பின்னால் சிரிக்கிற பெண் யாரென்று எனக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை. கடற்கரையில் நான் அலையில் நிற்கிறேன், என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் மரியாதையாக நிற்கிறார். அவர் யார், என் செருப்பு ஏன் அவரிடம் போனது? மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து எறிந்த பழத்துக்கு நான் கை நீட்டுகிறேன், அது உன் அத்தையின் முந்தானையில் விழுகிறது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நெடுநாளாகிறது. எதிரே நின்று அதைப் படம் பிடித்த புண்ணியவான் யார்? கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்திலேயே எனக்கு முகம் நிற்கும், பெயர் நிற்காது. பெயரெல்லாம் அவளிடம்தான் இருக்கிறது. வேறு யாரைக் கேட்பது, அந்தப் படங்களில் இருக்கிற பெரியவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள்.

பங்குனியில், "முடிச்சிட்டேன்" என்று அறிவித்தாள். ஆவணியில் எங்கள் கல்யாண நாளுக்கு மகள் இளவேனில் குடும்பத்தோடு வருகிறாள், அன்று எல்லோரும் உட்கார்ந்து படம் படமாகப் பார்ப்பது என்று முடிவானது. இந்த நிலையில்தான் ஹார்டு டிஸ்க் நாக்கைச் சப்புக்கொட்டுவது போல ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. எதிர்வீட்டு நூகு, துபாயில் இருந்துவிட்டு வந்து கடைத்தெருவில் எலக்ட்ரானிக் கடை வைத்திருக்கிறாரே, அவரிடம் ஓடினேன். புது டிஸ்க் மாட்டலாம் என்றார். நான் முன்ஜாக்கிரதையாக எல்லாப் படங்களையும் ஒரு பென் டிரைவுக்கு மாற்றி, ஒவ்வொன்றும் வந்ததா என்று சரிபார்த்து, புது டிஸ்க் மாட்டியதும் திரும்ப ஏற்றினேன். ஒரு படம்கூடக் குறையவில்லை. எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது. அப்புறம்தான் ஒரு கட்டுரையில் படித்தேன், சாதாரண பென் டிரைவின் அமைப்பில் இந்த ஓரக் குறிப்புகளுக்கு இடமே கிடையாதாம். படம் பத்திரமாகப் போய்ச் சேரும், குறிப்பு வழியிலேயே உதிர்ந்துவிடும். அன்று ரசத்தில் உப்பில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை.

நூகுவிடம் சொன்னேன். "இதுக்கா சார் இப்படிக் கெடக்குறீங்க? ஒரு படத்தைத் திறந்து பாத்தா தெரிஞ்சு போவுது" என்றார். படிக்கக் கூடாது என்று உத்தரவு என்றேன். அவர் கல்லாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். "அக்கா உங்களைத் திட்டி எழுதியிருப்பாங்களோன்னு பயமா? ஏதோ நாலு நல்ல வார்த்தையும் எழுதியிருப்பாங்க சார், தைரியமாப் பாருங்க." நான் பார்க்கவில்லை.

ஆனால் வழி இருந்தது. குறிப்பைப் படிக்காமல், குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்க ஒரு செயற்கூறு உண்டு. லிஸ்ட்-எக்ஸ்-ஆட்டர் என்று பெயர். கோப்போடு ஒட்டியிருக்கும் குறிப்புகளின் தலைப்பை மட்டும் சொல்லும், உள்ளே எழுதியிருப்பதைச் சொல்லாது. கடித உறையைப் பார்ப்பது போல, பிரிப்பதல்ல. எனக்காகவே செய்தது போல இருந்தது. ஓய்வுக்குப் பிறகு படித்த சி மொழியில் எழுதத் தொடங்கினேன். முதலில் காலண்டரைப் படம் எடுத்து, நானே இரண்டு குறிப்பு ஒட்டிச் சோதித்தேன். இடம் போதாது என்று திட்டியது. எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலில் வெறுங்கையோடு ஒரு தடவை கேட்க வேண்டுமாம், அது சொன்ன அளவுக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு மறுபடி போக வேண்டுமாம். பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி வாங்கப் போகிறவர்கள் வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்துத் தூக்கு எடுப்பதில்லையா? நான் சின்னக் கிண்ணத்தோடு போயிருக்கிறேன். அதைச் சரிசெய்தால், இரண்டு குறிப்பில் ஒன்றின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. பெயர்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு முற்றுக்குறி இருக்கிறது, அதைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

பிறகு படங்களுக்கு வந்தேன். நீ முன்பு செய்தது போலவே ரயில் படத்துக்கு முகப்பில் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன், அதைக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றது. பார்த்தால், லிஸ்ட்-எக்ஸ்-ஆட்டரை விட்டுவிட்டு அதன் தம்பி எல்-லிஸ்ட்டைக் கூப்பிட்டிருக்கிறேன். அவன் குறுக்குவழியைத்தான் தடவிப் பார்ப்பான், அது காட்டுகிற படத்துக்குப் போக மாட்டானாம். எஃப்-லிஸ்ட் என்று இன்னொருவனும் உண்டு, ஆனால் அவனுக்குக் கோப்பைத் திறந்து வைத்துக் கொடுக்க வேண்டும். திறப்பது என்றாலே அத்தையின் உத்தரவு நினைவுக்கு வருகிறது, அவனை விட்டுவிட்டேன். மூத்தவனையே கூப்பிட்டு எல்லாப் படங்களையும் கேட்கச் சொன்னேன். பூஜ்யம், பூஜ்யம் என்று திரை நிறைந்துகொண்டே போனது. அந்த நேரம் பார்த்து அத்தை தேநீரோடு வந்து பின்னால் நின்றாள்.

"என்னங்க இது, வரிசையாப் பூஜ்யம்? யாருக்கு மார்க் போடுறீங்க?"

"பழைய மாணவர்கள்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"அத்தனை பேருமா? பாவங்க, ஆளுக்கு அஞ்சாவது போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெயபிரகாஷ், என் புரோகிராம் தப்பாக இருக்கலாம். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் சுவாமியிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் காலண்டர் படத்துக்கு இரண்டு பெயரையும் சரியாகச் சொல்கிறதே. பழைய டிஸ்க்கைத் துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன். பார்சலில் அனுப்புகிறேன். அதிலிருந்து குறிப்புகளை எடுக்க முடியுமா என்று பார். நீயும் தலைப்பை மட்டும் பார், உள்ளே படிக்காதே. அவளுடைய மத்தியானமெல்லாம் அதில்தான் போயிருக்கிறது. அது என் கையால் அழிந்தது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அதைவிட, அவள் என்ன எழுதினாள் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விடும்.

சிவப்ரியாவுக்கும் உனக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். எல்லாம் வல்ல கைலாசநாதர் உங்கள் இருவரையும், முடிந்தால் அந்த டிஸ்க்கையும், காப்பாராக.

இப்படிக்கு,
தெ. மாமா

பின்குறிப்பு: தம்பி, இது அத்தை எழுதுறேன். மாமா ஸ்டாம்பு வாங்கப் போயிருக்காரு. இதைத் தனித் துண்டுல எழுதி உறைக்குள்ள அடியில செருகிடுறேன், அவரு கண்ணுல படாது. கடுதாசியைக் கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்காரு, தினம் அதைத் தூக்கித் துடைக்கிறவ நான்தான்னு தெரியாம. அந்தப் படத்துலயெல்லாம் நான் ஒண்ணுமே எழுதலைப்பா. நீ அவ்வளவு ஆசையாச் சொல்லிக்குடுத்தே, ஆனா விழிதியூர் சித்தப்பான்னு ஒத்தை விரலால அடிச்சு முடிக்கிறதுக்குள்ள சொல்ல வந்தது ஓடிப் போயிடுது. உன் மனசு நோகக் கூடாதேன்னு குறிப்பு எழுதுற இடத்துல படத்துக்கு ஒரு புள்ளி மட்டும் வச்சேன். மத்தியானமெல்லாம் சும்மா பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். புள்ளி தெரிஞ்சா மானம் போயிடும்னுதான் படிக்க வேணாம்னேன். இந்த மனுஷன் பக்கத்துல வந்து "யாரு இது"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ரயில்ல சிரிக்கிறவ யாரு, செருப்பைப் புடிச்சவரு யாருன்னு கதை கதையாச் சொல்லியிருப்பேன். அதுக்குப் போய்ப் புரோகிராம் எழுதுறாரு. டிஸ்க்கு வந்தா திறக்காதே. எல்லாம் அழிஞ்சு போச்சு, யாராலயும் எடுக்க முடியாது, அத்தைக்கிட்டயே கேட்டுக்குங்கன்னு கறாரா எழுதிடு.