அளவு மெஷினை நிறுத்திய ஒற்றை எழுத்து

நான் படித்தது ஐந்தாவது வரை. பேசுவது அதைவிடக் கம்மி. நாலு பேர் இருக்கும் இடத்தில் விக்கல் வந்தால்கூடத் தண்ணீர் கேட்காமல் விக்கிக்கொண்டே இருப்பேன். அப்படிப்பட்டவள் ஒருநாள் வாயைத் திறந்தேன். ஒரு மெஷினே மூச்சை நிறுத்திவிட்டது.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் முப்பது வருஷம் தோல் அளக்கும் மேசையில் நின்றவள் நான். என் மருமகள் எஸ்தர், அதே தோலை அளக்கிற மெஷினுக்குள் இருக்கும் சிப்புக்குப் புரோகிராம் எழுதுகிறாள். சிப்புக்கு நேரடியாகப் புரிகிற பாஷையாம், அசெம்ப்ளி என்று பெயர். ஒரு பக்கம் தோலை விட்டால் உருளை இழுத்துக்கொள்ளும். மறுபக்கம் வரும்போது எத்தனை சதுர அடி என்று பலகையில் எண் எரியும். (எனக்குப் பொறாமை இல்லை. அந்த மெஷினுக்கு முட்டி வலி கிடையாது, அவ்வளவுதான்.)

எஸ்தர் தனியாக எழுதிய முதல் மெஷின் அது. பேரணாம்பட்டு பக்கம் ஒரு டேனரியில், முதலாளி பாய் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் அந்த வேலை சென்னை ஆபீஸுக்குப் போய்விடும். இவள் பழையபடி மற்றவர்கள் எழுதியதற்குத் தப்பு பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். தோலைச் சுருக்கமில்லாமல் உள்ளே விட ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டாள். கிளம்புகிற காலையில், பலகையில் என்ன எரியும் என்று லேப்டாப்பில் காட்டினாள்.

"தரம் எங்கம்மா?" என்றேன்.

"அடி மட்டும்தான் கேட்டாங்க அத்தே."

"தரம் இல்லாத அடி இன்னா அடி? நாங்க தோல்மேல சாக்குக்கட்டியால மொதல்ல ஏ, பி, சின்னு தரம் போடுவோம். அப்புறம்தான் அடி."

"சரி, அடிக்குப் பின்னால சேத்துடறேன்."

"பின்னாலயா? அடியை மொதல்ல பாத்துட்டா, பெரிய தோலுக்குக் கண்ணு தானா நல்ல தரம் குடுத்துடும். முன்னாலதான் வைக்கணும்."

வீட்டுக்குள் மட்டும் நான் புலி. எஸ்தர் முன்னால் வைத்தாள். மெஷினில் சும்மா கிடந்த மூன்று பட்டன்களைத் தரத்துக்கு ஒதுக்கினாள். லேப்டாப்பில், மெஷின் மாதிரியே நடிக்கிற ஒன்றில் ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. மெஷினிலேயே ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பஸ்ஸில் வழி நெடுக, கம்ப்யூட்டரையே கண்டுபிடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

டேனரியில் பாய், சூப்பர்வைசர், இன்னும் ஏழெட்டுப் பேர். முதல் தோலை விட்டு ஏ பட்டனை அழுத்தினேன். பாதித் தோல் உள்ளே, பாதி வெளியே, மெஷின் நின்றது. பலகையில் ஒன்றும் இல்லை. மறுபடியும் விட்டோம். அதே இடத்தில் நின்றது.

எஸ்தர் முகம் வெளுத்தது. அதைப் பார்த்ததும் என் கூச்சம் எங்கே போனதோ!

"கரண்ட் கம்மி பாய்!" என்றேன் சத்தமாக.

பாய் மேலே பார்த்தார். "ஃபேன் நல்லாத்தானேம்மா சுத்துது."

"அப்போ தோல் ஈரம்."

"காஞ்சி ரெண்டு நாள் ஆச்சு."

"அப்போ உங்க தரைதான் கோணல்!"

சொன்னதோடு விட்டேனா? அட்டைத் துண்டு ஒன்றை மடித்து, குனிந்து மெஷின் காலுக்கு அடியில் செருகினேன். ஏழெட்டுப் பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அதற்குள் எஸ்தர் லேப்டாப்பை மெஷினோடு இணைத்திருந்தாள். "அத்தே, கண்ணாடியை மறந்துட்டேன். நின்னுபோன எடத்தோட நம்பர் லேப்டாப்புல வந்துக்குது, கடைசி எழுத்து இன்னான்னு பாருங்க."

"ஒண்ணு."

தலையில் கை வைத்தாள். "சிப்போட நினைவு வரிசையா அறைங்க மாதிரி. அடிக்கு நாலு அறை வேணும். அதுவும் பூஜ்யம், நாலு, எட்டுன்னு நாலால வகுபடற அறையிலதான் ஆரம்பிக்கணும். தரம் ஒத்த எழுத்து, பூஜ்யத்துல குந்திக்கிச்சு. அடி ஒண்ணாவது அறைக்குத் தள்ளிப் போச்சு. லேப்டாப்பு இதைக் கண்டுக்காது. இந்தச் சிப்பு, முடியாதுன்னு நின்னுடும்."

"தரத்தை யாரு முன்னால வெச்சது?" என்றார் பாய்.

எஸ்தர் உருளையைப் பார்த்தாளே தவிர, என்னைப் பார்க்கவில்லை. காட்டிக் கொடுக்க மாட்டாள். அதுதான் என்னைச் சுட்டது. மெஷின் காலடியிலிருந்து எழுந்து நின்றேன். "நான்தான் பாய். நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்," என்று காரணத்தையும் சொன்னேன்.

பாய் சிரித்தார். "சரியாத்தானேம்மா சொல்லிக்கிறீங்க. இங்கயும் மொதல்ல தரம்தான். இதுவரைக்கும் மெஷின் கொண்டாந்தவன் ஒருத்தனும் இதைக் கேக்கல. முன்னாலயே இருக்கட்டும், ஓட வைம்மா."

"தரத்துக்கும் அடிக்கும் நடுவுல மூணு அறையைக் காலியா விட்டுடறேன்," என்றாள் எஸ்தர்.

"மூணு அறை வீணா?" என்று என் வாய் மறுபடியும் கிளம்பியது.

"அத்தே!"

வாயை மூடிக்கொண்டேன். கால் மணி நேரத்தில் நாற்பது தோல் ஓடியது. வேலை எஸ்தருக்கே கிடைத்தது. அட்டைத் துண்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறதாம், எடுக்க வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டாராம்.

எங்கள் வீட்டில் இன்றுவரை எனக்கு விடுதலை இல்லை. கல்யாணத்துக்குப் போனால், நான் உட்கார்ந்ததும் என் மகன் மண்டபமே கேட்கக் கத்துவான்: "எங்கம்மா குந்திட்டாங்க! பக்கத்துல மூணு நாற்காலி காலியா விடுங்க, இல்லன்னா பந்தி நின்னுடும்!"

எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். ஆனால் ஒன்று, அந்த மூன்று நாற்காலியிலும் நிஜமாகவே யாரும் உட்காருவதில்லை. யாரிடமும் பேச வேண்டியதில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.