நவநீதர் ரேஷன் வரிசையில் நின்றருளிய படலம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே குளிர்ந்து கிடக்கும் திருவானைக்காவல் மண்ணே, சற்றே காது கொடு. கஞ்சி மொடமொடக்கும் வெண்சட்டையரும், கும்பிட்ட கை இறங்காக் குணக்குன்றும், மாநகராட்சி மன்றத்தில் தமக்கிட்ட நாற்காலியை மூன்றாண்டுகளாகத் தேயவிடாமல் காத்தவருமான எங்கள் கவுன்சிலர் நவநீதர், பணிவென்னும் வாளை உருவிக்கொண்டு ரேஷன் கடைமேல் படையெடுத்த வரலாற்றைச் சொல்லத் துணிந்தேன்.

அன்று மாதத்தின் கடைசி நாள். அன்று வாங்காத துவரம்பருப்பு பிறகு வராது. கணக்கு முடிக்க வேண்டுமென்று மதியம் ஒரு மணிக்கே கடையைப் பூட்டிவிடுவார்கள். தென்னூரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் துலக்கும் வீராயி, இரண்டு மணிக்கு அங்கே நின்றாக வேண்டியவர், காலை பத்தரையிலிருந்து வெயிலோடு பொருது, பன்னிரண்டேகாலுக்கு வரிசையின் மூன்றாம் இடத்தைக் கைப்பற்றியிருந்தார்.

அவ்வேளை, தெரு இரண்டாகப் பிளக்க, வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது.

"முன்னாடி போங்க சார். வாங்கிட்டுக் கிளம்புங்க" என்று வரிசையே வழிவிட்டது. நவநீதர் இரு கரம் உயர்த்தி முழங்கினார்: "நானும் உங்கள்ல ஒருத்தன்தாங்க. வரிசைன்னா வரிசை. கவுன்சிலருக்குன்னு தனி வரிசை கிடையாது."

முழங்கிவிட்டு வரிசையின் வால்நோக்கி நடந்தவரை, செல்போன் ஏந்திய உதவியாளர் தமிழ்மணி தடுத்தாட்கொண்டார். "அண்ணே, அங்க வெயிலு மூஞ்சியில அடிக்குது. மூணாவது ஆளா நின்னீங்கன்னா நெழலு, கடை போர்டும் படத்துல விழும்."

மக்களோடு மக்களாக நிற்கத் துடித்த அம்மாண்பாளர், அப்படியே வீராயியின் முன்னால் புகுந்து எளிமையாக நின்றார். முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். வியர்வை போதாதென்று பாட்டில் திறந்து நெற்றியில் நீர் தெளிக்கப்பட்டது. ஈசனுக்கு யார் தொண்டு உயர்ந்ததென்று யானையும் சிலந்தியும் மோதி மடிந்த தலமல்லவா இது. ஆனால் அவ்விரண்டுக்கும் பின்னால் யாரும் பருப்புக்கு நிற்கவில்லை.

முறை வந்தது. கைரேகைக் கருவியின் செங்கண் முன் வலக்கைப் பெருவிரல் முதலில் களம் புகுந்து வீழ்ந்தது; துணைப்படையாய் வந்த சுட்டுவிரல் சிதறியது; கைக்குட்டையில் துடைக்கப்பட்டு, வாயால் ஊதப்பட்டு, மறுபடி ஏவப்பட்ட பெருவிரல் முன்னிலும் கேவலமாய்த் தோற்றுத் திரும்ப, இடக்கைச் சேனையும் ஒன்றன்பின் ஒன்றாய் மாண்டது. கருவியோ மூவேந்தர் முற்றுகைக்கும் அசையாத மலைபோல் 'பொருந்தவில்லை' என்ற ஒற்றைச் சொல்லையே உமிழ்ந்தது.

பில் போடும் கியாசுதீன் தலையைச் சொறிந்தார். "சார், மெஷினு உங்கள யாருன்னு கேக்குதுங்க. வீட்டம்மாவ வரச் சொல்லுங்க, அவங்க விரல் உடனே பதிஞ்சிடும்."

"மூணு வருஷமா வார்டே பாக்காத ஆளு" என்றார் பின்னால் நின்ற ஜோதி. "மெஷினுக்கு மட்டும் எப்படிங்க தெரியும்?"

வரிசை சிரித்தது. மனைவியை அழைத்துவரக் கார் பறந்தது. மணி பன்னிரண்டு நாற்பது.

வீராயி மெல்லச் சொன்னார்: "சார், செத்த தள்ளி நின்னீங்கன்னா நான் கைய வெச்சிட்டுப் போயிடுவேன். எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

அப்போதுதான், மலைக்கோட்டைப் பாறையும் நாணும் உறுதியோடு, அந்தப் பேருரை பிறந்தது: "ஏம்மா, நான் என்ன சொன்னேன்? வரிசைன்னா வரிசை. ஒருத்தர் முறை முடியாம இன்னொருத்தர் போகலாமா? அப்புறம் நேர்மைன்னு எதுக்கு இருக்கு?"

"அண்ணே, அதையே இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் தமிழ்மணி. "நடுவுல லாரி ஹாரன் விழுந்துடுச்சு."

இன்னொரு தடவை சொல்லப்பட்டது.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், ஈரத் தலையோடு வந்திறங்கிய கவுன்சிலரின் இல்லத்தரசி, வரிசையை ஏறிட்டும் பாராமல் ஒற்றை விரலை ஒருமுறை வைத்தார். கருவி பணிந்தது. பகைவனின் கொடியைப் பறித்த தளபதிபோல் நவநீதர் பருப்புப் பையை வானுயர ஏந்த, அந்த ஒரு காட்சி மூன்று கோணங்களில் பதிவாக, 'எளிமையின் இமயம்' என்ற வாசகத்தோடு அது வார்டின் வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்தையும் வென்றடக்கிக்கொண்டிருந்த அதே கணத்தில், கியாசுதீன் ஷட்டரை இறக்கினார்.

வீராயி பருப்பு வாங்காமல் தென்னூர் பஸ்ஸில் ஏறினார்.