கறுப்புக் கண்ணாடி வேனில் பெண் பார்க்கப் போன கதை

வாகனம் வாங்குகிறவர் வாயால் சொல்லும் காரணம் ஒன்று, மனதுக்குள் இருக்கும் காரணம் வேறொன்று. மாத்தளை டவுனில் பாதி ஆயுளை வாகனம் விற்றே கழித்தவன் சொல்கிறேன், நம்புங்கள். "எஞ்சின் எப்படி?" என்று கேட்டுக்கொண்டேதான் எல்லாரும் வருவார்கள். பொனெட்டைத் திறந்து காட்டினால் ஒரு நிமிஷம் உள்ளே பார்த்துத் தலையாட்டுவார்கள். (ஒன்றும் விளங்கியிருக்காது. எனக்கும்தான்.) பிறகு நாலந்தாப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் ஹோர்னை அடித்துப் பார்த்து லொறியை வாங்குவார். டீச்சர்மார் நம்பரைக் கூட்டிப் பார்ப்பார்கள். எட்டு வந்தால் தங்கத்தால் செய்த காராக இருந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில் நிற்கிற வாகனம் என்பதற்காகவே ஒருவர் வாங்குவார், அதே காரணத்துக்காகவே இன்னொருவர் வேண்டாம் என்பார்.

இதையெல்லாம் இருபத்தேழு வயதிலேயே கரைத்துக் குடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

யுத்தத்தின் கடைசி வருஷங்கள் அவை. ஹாஜியார் ஒருவரின் கார் சேலில் எனக்கு வேலை. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய வேன்கள்தான் எங்களிடம் அதிகம் விற்றன. அதிலும் வெள்ளை நிறத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட வேன் வந்தால் இரண்டு நாள்கூட நிற்காது. வெள்ளையில் வெயில் ஏறாது, கீறல் தெரியாது, திரும்ப விற்கும்போது விலை விழாது. கண்ணாடி கறுப்பாக இருந்தால் உள்ளே இருக்கிற பெண்பிள்ளைகளை ரோட்டில் நிற்கிறவன் பார்க்க மாட்டான். ஏசி இருக்கும். சின்னப் பிள்ளைகள் ஓடும் வேனைத் திறந்துவிடாதபடி பின்கதவுக்குத் தனியாக ஒரு பூட்டும் இருக்கும். அதைப் போட்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. வருகிற குடும்பங்களுக்கெல்லாம் அந்தப் பூட்டைப் போட்டுக் காட்டித்தான் நான் வேன் விற்றேன்.

அந்த நாட்களில் வெள்ளை வேன் என்றால் சனங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். யாரோ வருவார்கள், யாரையோ பிடித்து ஏற்றிக்கொண்டு போவார்கள், ஏற்றியவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. பேப்பரில் படிப்பேன், "அநியாயம்" என்று சொல்வேன், பேப்பரை மடித்து வைத்துவிட்டு இன்னொரு வேனைக் கழுவப் போவேன். அது வேறு வேன், இது வேறு வேன் என்று என் மண்டையில் இரண்டு தனித்தனி அறைகள் இருந்திருக்க வேண்டும்.

வஹகோட்டைக் கோயில் திருவிழாவில் அம்மா எனக்கு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்தார். பெயர் ஜெசிந்தா. ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை. அப்பா தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில். முறைப்படி பெண் பார்க்கப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். பஸ்ஸில் போகலாம் என்றார் அம்மா. கார் சேலில் வேலை செய்கிற மாப்பிள்ளை பஸ்ஸில் போய் இறங்குவதா? ஹாஜியாரிடம் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. அங்கன ரெண்டு பேரு பாத்தா ரெண்டு ஓடர் விழும்" என்றார்.

அப்போதுதான் வந்திருந்த வெள்ளை வேனுக்கு இன்னும் நம்பர் கிடைத்திருக்கவில்லை. கடையின் தற்காலிக நம்பர் தகட்டைக் கம்பியால் முன்னால் கட்டினேன். நான் ஓட்ட, பின்னால் அம்மாவும் சவரிமுத்து மாமாவும். மடியில் வாழைப்பழத் தட்டம், வெற்றிலை, ஒரு கேக். ரத்தோட்டையைத் தாண்டியதும் அம்மா தொடங்கினார்.

"டேய், ஜன்னலத் தொறடா. வழியில நிக்கிறவங்களப் பாத்துச் சிரிக்கவாவது வேணாமா?"

"ஏசி போட்டிருக்கும்மா. தொறந்தா குளிர் போயிரும்."

(ரிவர்ஸ்டன் மலையில் வெளியே அதைவிடக் குளிர். அம்மா பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தார்.) நானோ, மூடுபனியில் முன்னால் போகிற மாடு தெரியாத நேரத்திலும் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. தலைமுடியை அப்போதுதான் ஒட்ட வெட்டியிருந்தேன். தோட்டத்து ரோட்டின் குழிகளில் ஏறி இறங்கியதில் நம்பர் தகடு எங்கோ கழன்று விழுந்ததும் எனக்குத் தெரியாது.

தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குப் பக்கத்தில் வந்ததும், தண்ணீர் கொண்டுபோன ஒரு பெண் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். "பாத்தீங்களா மாமா, வேனப் பாத்து எப்படி அசந்துட்டாங்க!" என்றேன். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிதறினார்கள். யாரோ தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வரவேற்கிறார்கள் என்று நினைத்து நானும் ஹோர்ன் அடித்தேன். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. நல்ல உடுப்பு மாற்றப் போகிறார்கள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

இறங்கினேன். ஜெசிந்தாவின் அப்பா வாசலில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். அந்தத் தோட்டத்து மரியாதை போலிருக்கிறது என்று நானும் இரண்டு கையையும் தூக்கினேன்.

"மாத்தயா, மெஹே கவுருத் நே" என்றார். இங்கே யாருமில்லை ஐயா என்று சிங்களத்தில் சொல்கிறார்.

"நான்தாங்க மாப்பிள்ளை" என்றேன்.

அது அவர் காதில் ஏறவில்லை. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து வேனுக்குள்ளிருந்து தொம் தொம் என்று சத்தம். பின்கதவுப் பூட்டைப் போட்டுவிட்டு எடுக்க மறந்திருந்தேன். உள்ளே அம்மாவும் மாமாவும் கதவு திறக்காமல் கறுப்புக் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு முட்டுகிற பயத்தில் அம்மா, "அந்தோனியாரே, காப்பாத்தும்!" என்று அலறியது வெளியே அரைகுறையாகக் கேட்டது.

வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் காப்பித் தட்டோடு வருவாள் என்பார்கள். என் பெண் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு வந்தாள்.

"உள்ளுக்கு யாரடா அடைச்சு வச்சிருக்க?"

"அம்மா..." என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். பயத்தில் தாயைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாளாம்.

"தள்ளிப் போ! தொட்டியோ, கைய எடுத்துருவேன்!" என்று கத்தியை என் பக்கம் நீட்டியபடியே வெளியிலிருந்து கதவை இழுத்தாள். வாழைப்பழம் உருண்டது, கேக் விழுந்தது, அதன் மேல் மாமா விழுந்தார். அம்மா மட்டும் விழாமல் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இரு மகளே" என்றார். அந்தப் பதற்றத்தில், தான் பார்த்து வைத்த பெண்தான் அது என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

ஆள் விளங்கியதும் எல்லாரும் சிரித்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தாவின் அப்பா படியில் உட்கார்ந்து அழுதார். மகன் ராஜன் வேனைக் கண்டதுமே தேயிலைக்குள் ஓடிவிட்டிருந்தான். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்தவனை ஆறு மாதத்துக்கு முன் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய், பதினோரு நாள் கழித்து ரோட்டோரத்தில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து பிள்ளை சரியாகப் பேசுவதில்லை.

"சொன்னா சம்பந்தம் நின்னுரும்னு மறைச்சுட்டோம்மா. நீங்க போறதுன்னா போங்க, நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்றார் அவர் அம்மாவிடம்.

அம்மா, "பிள்ளையக் கூப்பிடுங்க" என்றார்.

கூப்பிட்டார்கள். மலை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்கள். வரவில்லை. "வர மாட்டான்" என்றாள் ஜெசிந்தா. "எவனாச்சும் எங்க கழுத்துல கத்திய வச்சுக் கூப்பிடச் சொன்னாலும் எங்க குரல்தானே அவனுக்குக் கேக்கும். நாங்க கூப்பிட்டாலும் வராதன்னு நாங்கதான் சொல்லிக் குடுத்திருக்கோம்."

அந்த வேனை யார் வாங்குவார்கள், ஏன் வாங்குவார்கள் என்று எனக்கு அத்தனையும் தெரியும். அது வருவதை எதிரே நின்று பார்க்கிறவனைப் பற்றி நான் ஒரு நாள்கூட யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

அம்மாதான் முடிவு சொன்னார். "வேன எடுத்துக்கிட்டு நீ போடா. அது இங்க நிக்கிறவரைக்கும் அந்தப் பிள்ளை வராது."

"நானாம்மா? நான்தானே மாப்பிள்ளை?"

"மாப்பிள்ளைக்கு இங்க என்ன வேலை? போ!"

அப்படியாக, மாப்பிள்ளை இல்லாமலே பெண் பார்க்கும் சடங்கு நடந்தது. நான் வேனைப் பெரிய ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தி, எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, மூன்று மைல் ஏற்றம் நடந்து திரும்பினேன். வழியில் ஒரு குழிக்குள் நம்பர் தகடு கிடந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது ராஜன் வந்திருந்தான். கால் முழுக்க அட்டைக் கடி. அம்மா தரையில் உட்கார்ந்து அவன் காலுக்கு உப்பும் எலுமிச்சையும் பூசிக்கொண்டிருந்தார்.

"பொண்ண எனக்குப் புடிச்சிருச்சு. பேசி முடிச்சாச்சு" என்றார் என்னைப் பார்த்து. "அவளுக்குத்தான் உன்னையப் புடிக்கல. அத நான் பாத்துக்குறேன்."

ஜெசிந்தா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள், வேன் வரக் கூடாது. அதன்படி கல்யாணத்துக்கு நாங்கள் மரக்கறி லொறியில் போனோம். பின்தட்டில் எல்லார் முகமும் தெரியும்படி நின்றுகொண்டு. லயத்துப் பிள்ளைகள் இந்த முறை ஓடவில்லை, லொறிக்குப் பின்னால் ஓடி வந்தார்கள்.

யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து ராஜன் சொந்தமாக ஆட்டோ ஒன்று வாங்கினான். நான் சும்மா இருப்பேனா? கொஞ்சம் காசு சேர்த்தால் சின்ன வேனே எடுக்கலாம், மழை அடிக்காது, திரும்ப விற்க லேசு என்று ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுத்தேன். பொறுமையாகக் கேட்டான்.

"இதுக்குக் கதவு இல்ல மச்சான்" என்றான். வேறு ஒரு காரணமும் சொல்லவில்லை. நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு எந்த வாகனத்தில் போனாலும் இறங்குவதற்கு முன் அம்மா ஜன்னல் கண்ணாடியில் மூன்று தட்டுத் தட்டுவார். "வந்துட்டேன் அத்தை, கத்தியோட!" என்று ஜெசிந்தா கத்த வேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம். ராஜனின் ஆட்டோவில் முதல் தடவை ஏறிய அன்றும் அம்மா இறங்குகிற நேரம் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "தட்டுறதுக்கு ஒரு கண்ணாடி இல்லையேடா!" என்றார் ஏமாற்றமாக.

முன்சீட்டில் ராஜன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அன்றுதான் நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம்.