டி-க்கு நீதி வேண்டும்

தமிழக-கேரள எல்லையில், பாறசாலையை ஒட்டிய ஊரொன்றில் கனகதாஸ் என்பவர் பாரலல் காலேஜ் எனப்படும் டுட்டோரியலில் பிசிக்ஸ் நடத்திவந்தார். தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடையில் அவர் மனைவி ரெஜிலா, குழாயில் தண்ணீர் வராத ஆத்திரத்தில், மொட்டைமாடியில் நின்று பிளாஸ்டிக் குடத்தை ஆகாயத்தைப் பார்த்து வீசினாள். அது குடிநீர் என்ஜினீயரின் தலையில், உரிய மரியாதையின்றி, இறங்கியது.

அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் தடுத்ததாக வழக்கு. ஜீப்பிலிருந்து இறங்கியதுதான் அன்று அவர் செய்த பணி.

ரெஜிலாவை லாக்கப்பில் வைத்தார்கள் என்று கேட்டதும் கனகதாஸ் சாக்பீஸோடு ஸ்டேஷனுக்கு ஓடினார். சுவரில் இரண்டு சமன்பாடுகள் எழுதினார்.

"சாறே, குடம் முன்னால போனது எக்ஸ். மேல போய் கீழ வந்தது ஒய். ரெண்டையும் நடத்துறது டி ஆக்கும். டி பூச்சியமா இருக்கும்போ குடம் இவளுக்க கையில, என்ஜினீயர் ஜீப்புக்குள்ள. காணாத ஆளை எப்படி எறிய?"

டி என்றால் நேரம் என்று சொல்ல அவர் மறந்துவிட்டார். வகுப்பிலும் அப்படித்தான்.

எஸ்.ஐ. பரமசிவன் நெகிழ்ந்தார். "அது செரியாக்கும். கூட்டிட்டுப் போங்க மாஷே."

கனகதாஸ் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பரீட்சையில் அடுத்த கேள்வி ஒன்று உண்டு.

"இனி குடத்துக்க பாதை கிடைக்கணும்ணா டி-யை எலிமினேட் செய்யணும்."

எஸ்.ஐ. நிமிர்ந்தார். "ஆரை?"

"டி-யை. எளுப்பமாக்கும் சாறே. வருசாவருசம் செய்யுதேன்."

"ஆளு இப்போ எங்க?"

"ஒரு இடத்துல நிக்காது. போய்ட்டே இருக்கும்."

"வயசு?"

"பூச்சியத்துல தொடங்கும்."

"கைக்குழந்தையா!" என்று எழுந்த எஸ்.ஐ., ரெஜிலாவை வெளியே விட்டு, அதே அறையில் கனகதாஸை அடைத்தார்.

மறுநாள் பந்த். டி தமிழ்ப் பிள்ளை என்று ஒரு கட்சியும், மலையாளிப் பிள்ளை என்று ஒரு கட்சியும் பஸ்ஸை மறித்தன. சர்ச்சில் ஜெபம் நடந்தது. கோயிலில் விளக்கு ஏற்றினார்கள். கனகதாஸின் மாணவர்களே ஊர்வலத்தின் முன்னால் நின்று, "எங்கே, எங்கே, டி எங்கே?" என்று தொண்டை கிழியக் கேட்டார்கள். குடிநீர் என்ஜினீயர் கட்டுப்போட்ட தலையோடு அஞ்சலி செலுத்தினார்.

மாலையில் ரெஜிலா சோறு கொண்டுவந்தாள். கனகதாஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீயாவது என்னை நம்புதியா?"

"நம்புதேன். நீங்க ஒரு எறும்பைக்கூட கொல்ல மாட்டிய." அவள் பாத்திரத்தை உள்ளே தள்ளினாள். "அந்தப் பிள்ளைக்க அம்மை ஆருண்ணு மட்டும் சொல்லுங்க."